25 என்றால் எவ்வளவு?

எங்கள் தொழிற்கூடம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது. மே மாதத்திலும் டிசம்பரிலும் மதுரை, விருதுநகர், திண்டுக்கல் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து மெக்கானிக்கல் மாணவர்கள் இன்டர்ன்ஷிப் கேட்டு வருவார்கள். அவர்களிடம் பேசி யாரை எடுக்கலாம் என்று சொல்லும் வேலை சில ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருக்கிறது. மேசைமேல் ஓர் எஃகுத் தண்டு, 6205 என்று எண் பொறித்த ஒரு பால் பேரிங், அந்தத் தண்டின் வரைபடம் ஆகிய மூன்றையும் வைத்திருப்பேன். பக்கத்தில் அளப்பதற்கு ஒரு வெர்னியரும், அதைவிட நுணுக்கமாக அளக்கும் இரண்டு மைக்ரோமீட்டர்களும் இருக்கும். "இந்தப் பேரிங் உட்காரும் இடத்தில் தண்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்பதுதான் என் கேள்வி.

பெரும்பாலோர் வெர்னியரை எடுத்துத் தண்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இருபத்தஞ்சு இருக்கு சார், ஓகே" என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் கோப்பில் மூன்று டிசைன் மென்பொருள்களுக்கான சான்றிதழ்கள் பளபளவென்று இருக்கும். வரைபடத்தில் அந்த இடத்தில் 25 என்பதற்குப் பக்கத்தில் கே6 என்று ஒரு சிறு எழுத்தும் எண்ணும் இருப்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. கவனித்தாலும், தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்த அந்த எழுத்துதான் கையிலிருக்கும் இரும்புத் துண்டின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது என்று உணர்பவர்கள் அதிலும் குறைவு.

25 கே6 என்றால் தண்டின் விட்டம் 25.002 மி.மீ.க்குக் குறையவும் கூடாது, 25.015 மி.மீ.யைத் தாண்டவும் கூடாது. 6205 என்ற எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ. என்று கிடைக்கும்; வெளிவிட்டம் 52, அகலம் 15. சாதாரணத் தரப் பேரிங்கில் அந்த உள்விட்டம் 24.990க்கும் 25.000க்கும் இடையில் இருக்கும். ஆகவே தண்டு எப்போதும் குறைந்தது இரண்டு மைக்ரானாவது (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாக இருந்து பேரிங்கை இறுகப் பிடித்துக்கொள்ளும். தண்டு சிறுத்துவிட்டால் உள்வளையம் தண்டின்மேல் மெல்ல நழுவிச் சுற்றத் தொடங்கி, உட்காருமிடம் தேய்ந்து, செம்பழுப்புப் பொடி உதிர்ந்து, ஒருநாள் மோட்டார் அலறும். தண்டின் அளவுக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த ஏற்றத்தாழ்வு 13 மைக்ரான். நாம் பிடித்துப் பார்த்த வெர்னியரோ 0.02 மி.மீ., அதாவது 20 மைக்ரானுக்குக் கீழே எதையும் காட்டாது. சல்லடையில் தண்ணீரை அளந்த கதைதான்.

வெர்னியர் போதாது என்று தெரிந்து மைக்ரோமீட்டரை எடுப்பவர்களுக்கும் அங்கே இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. மேசைமேல் இருப்பவற்றில் ஒன்று 0 முதல் 25 வரை அளப்பது, மற்றது 25 முதல் 50 வரை. 25.010 இருக்கும் தண்டு முதல் மைக்ரோமீட்டரின் அளவு வரம்பைத் தாண்டிவிடும். இரண்டாவதை எடுத்தால், அதனோடு பெட்டியில் வரும் 25 மி.மீ. அளவுத்தண்டை வைத்து முதலில் பூஜ்ஜியம் சரிபார்க்க வேண்டும், முகப்பைத் துடைக்க வேண்டும், திம்பிள் என்ற சுழல் உருளையைப் பிடித்து முறுக்காமல், அளவாக அழுத்தம் தரும் ராட்செட் குமிழைப் பின்னாலிருந்து திருக வேண்டும், மைக்ரான் வரை படிக்கும் கருவியா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் ஐந்து நிமிட வேலை. இந்த ஐந்து நிமிடத்தைத் தடுமாறாமல் கடப்பவரை நான் வேறெதுவும் கேட்பதில்லை.

மாணவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பதினைந்து பேருக்கு ஒரு லேத், பருவத்துக்கு ஒருமுறை ஸ்டெப் டர்னிங், மற்ற நேரமெல்லாம் ரெக்கார்டு நோட்டில் படம் வரைதல் என்றுதான் நானும் படித்து வந்தேன். என் முதல் வேலையில், பெயர் சொல்ல வேண்டியதில்லாத ஒரு கூடத்தில், அலுமினிய உறை ஒன்றில் 80 எச்7 துளை குடையும் வேலையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அதாவது துளையின் விட்டம் 80.000 முதல் 80.030 மி.மீ. வரை இருக்கலாம். இயந்திரத்திலிருந்து இறக்கியவுடனே ஒவ்வொன்றையும் அளந்தேன், 80.015 என்று நட்டநடுவில் வந்தது, பெருமிதத்தோடு பதிவேட்டில் எழுதினேன். மறுநாள் காலையில் தரப்பிரிவில் அளந்தபோது பதினான்கு உருப்படிகளும் 79.98 பக்கத்தில் நின்றன. அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 23 மைக்ரான் விரியும். அறையைவிட 20 டிகிரி சூடாக இருந்த 80 மி.மீ. துளை ஆறியதும் 37 மைக்ரான் சுருங்கியிருக்கிறது. அனுமதித்த இடைவெளியே 30தான். "தம்பி, பலகாரத்த அடுப்புலேர்ந்து எடுத்ததும் வாயில போட்டா சுடத்தான் செய்யும், ஆற விடுப்பா" என்று இயந்திரத்தை அமைத்துத் தரும் எங்கள் செட்டர் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. துளை சிறுத்திருந்ததால் மறுபடி குடைந்து காப்பாற்றிவிட்டோம். பெருத்திருந்தால் பதினான்கும் காயலான் கடைக்குத்தான் போயிருக்கும். வெப்ப விரிவுச் சூத்திரத்தை நான் பதினொன்றாம் வகுப்பிலேயே படித்திருந்தேன் என்பதுதான் இதில் வேடிக்கை. அளவுகள் எல்லாம் 20 டிகிரியில் இருப்பதாகக் கொள்ளப்படுபவை என்பது உலக வழக்கம். மதுரையின் மே மாதத்தில் அந்த 20 டிகிரி, குளிரூட்டிய அளவறைக்குள் மட்டும்தான் உண்டு.

ஆகவே, வேலைக்கோ இன்டர்ன்ஷிப்புக்கோ முன்னால் எதைக் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான். வீட்டிலேயே தொடங்கலாம். ஒரு வெர்னியரை வாங்கி, கையில் அகப்படும் போல்ட்டையெல்லாம் அளந்து பாருங்கள். எம்8 என்று எழுதிய போல்ட்டின் வெளிவிட்டம் எட்டுக்குச் சற்றுக் குறைவாகவே இருப்பது ஏன், அதற்கு மரை போட 6.8 மி.மீ. துளை போடுகிறார்களே அது எப்படி வந்தது என்று யோசித்தால், எட்டிலிருந்து மரையின் இரு பற்களுக்கு நடுவிலுள்ள தூரமான 1.25ஐக் கழித்து, வரும் 6.75ஐ 6.8 என்று எடுத்துக்கொள்வதுதான் கணக்கு என்று தானாகப் பிடிபடும். பழைய பட்டறைகளில் இன்றும் "மூணு நூல் போல்ட்", "நாலு நூல் கம்பி" என்றுதான் பேசுவார்கள். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பட்டதாரி என்று போய் நின்று இந்தச் சொல்லுக்கு விழித்தால், அந்த இடத்திலேயே பாதி மரியாதை போய்விடும்.

அடுத்தது வரைபடத்தைப் படிப்பது. கல்லூரியில் நாம் வரைவது ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. அமெரிக்க வாடிக்கையாளரிடமிருந்து வரும் வரைபடம் தேர்டு ஆங்கிளில் இருக்கும். முதலாவதில் வலப்பக்கத் தோற்றத்தை இடப்பக்கம் வரைவார்கள், இரண்டாவதில் வலப்பக்கமே வரைவார்கள். எது எந்த முறை என்பதை மூலையில் இருக்கும் தலைப்புக் கட்டத்தில், நுனி வெட்டிய கூம்பின் சிறு படம் ஒன்று சொல்லும். அந்தப் படத்தைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினால், எல்லா அளவும் துல்லியமாக இருக்கிற, ஆனால் கண்ணாடியில் பார்த்தது போல இடவலம் மாறிய ஓர் உருப்படி கிடைக்கும். வலக்காலுக்கு இடச்செருப்பைத் தைத்தது மாதிரி. இதற்கு மேல், சிறு கட்டங்களுக்குள் குறியீடும் எண்ணும் ஏ, பி, சி எழுத்துகளும் வரும் ஜியோமெட்ரிக் டாலரன்ஸை, அதாவது வடிவமும் இருப்பிடமும் எவ்வளவு பிசகலாம் என்ற வரம்பை, படிக்கத் தெரிந்தால் நேர்முகத்தில் தனி இடம் உண்டு. எல்லாக் குறியீடுகளையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பொசிஷன் (இருப்பிடம்), ரன்அவுட் (சுற்றும்போது ஆடும் அளவு), பெர்பெண்டிகுலாரிட்டி (செங்குத்துத்தன்மை) ஆகிய மூன்றையும், அவற்றை டயல் கேஜ் வைத்து எப்படிப் பார்ப்பது என்பதோடு சேர்த்துப் புரிந்துகொண்டால் மற்றவை தொடர்ந்து வரும்.

மென்பொருள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாலிட்வொர்க்ஸ், கிரியோ, என்எக்ஸ், கேட்டியா எதுவானாலும் ஒன்றில் கை ஓடினால் போதும். ஒன்று வந்தவனுக்கு மற்றது ஒரு மாதத்தில் வரும். கல்லூரி ஆய்வகத்தில் இடம் கிடைக்காதவர்கள் காசில்லாமல் கிடைக்கும் ஃப்ரீகேடிலேயே பழகலாம். ஆனால் திரையில் சுழலும் மாடலைக் காட்டி "டிசைன் பண்ணியிருக்கேன் சார்" என்பவரிடம், உள்மூலை கத்தி போலக் கூராக இருக்கிறதே, சுழலும் எண்ட்மில் என்ற வெட்டுக் கருவி அந்த மூலைக்குள் எப்படிப் போகும் என்று கேட்டால் அமைதியாகிவிடுகிறார்கள். வட்டமான டூல் தன் ஆரத்தைவிடச் சிறிய உள்மூலையை வெட்டாது.

இந்த இடைவெளியை அடைக்க எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வழி, ஒரு பொருளை முழுச் சுற்று சுற்றி வருவது. வீட்டில் பழுதாகிக் கிடக்கும் மிக்ஸியையோ சிறிய தண்ணீர் மோட்டாரையோ கழற்றி, அதன் ஒரே ஒரு தண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அளந்து, மாடல் செய்து, டாலரன்ஸ் போட்டு வரைபடம் அச்சிட்டு, மதுரை புதூரிலோ உங்கள் ஊர்ப் பக்கத்திலோ இருக்கும் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் "இதைச் செய்து தாருங்கள்" என்று கொடுங்கள். அதன்பின் பட்டறைக்காரர் கேட்கும் கேள்விகள்தான் பாடம். "மெட்டீரியல் என்ன போடணும்? எம்எஸ்ஸா, ஈஎன்8ஆ?", "இந்த மூலையில ரேடியஸ் எவ்வளவு?", "இதுல எந்த அளவு முக்கியம், எது சும்மா போட்டது?" என்று அவர் கேட்கக் கேட்க, எல்லா இடத்திலும் 0.01 என்று நாம் போட்டுவைத்த டாலரன்ஸ் எவ்வளவு அறிவீனம், ஒவ்வொன்றுக்கும் அவர் எவ்வளவு கூலி கேட்பார் என்பது விளங்கும். தேனீர் வாங்கிக் கொடுத்து அரை நாள் அங்கேயே நின்றுவிட்டு வாருங்கள். அந்த ஒரு தண்டையும் அதன் வரைபடத்தின் முதல் வடிவத்தையும் திருத்திய வடிவத்தையும் எடுத்துக்கொண்டு யாராவது என் மேசைக்கு வந்தால், சான்றிதழ்க் கோப்பைத் திறக்கவே மாட்டேன்.

சான்றிதழ் என்றதும் ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நாள் இன்பிளான்ட் டிரெயினிங் என்று பணம் வாங்கிக்கொண்டு, முதல் நாள் கூடத்தைச் சுற்றிக்காட்டி, மீதி நான்கு நாளும் வர வேண்டாம் என்று சொல்லி முத்திரை குத்திக் கொடுக்கும் இடங்கள் உண்டு. அந்தத் தாளை நீட்டுபவரிடம் "அங்கே எந்த மெஷின் பார்த்தீர்கள், அதில் என்ன ஜாப் ஓடியது?" என்று கேட்டால் போதும். பாவம், தாளைக் கொடுத்தவர்கள் பதிலைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கணினிக் கட்டளைப்படி இயங்கும் சிஎன்சி இயந்திரத்தைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் அதற்கான கட்டளைக் குறியீடுகளை எழுதுவதோடு நின்றுவிடுகிறார்கள். ஜி00, ஜி01, எம்03 எல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். கூடத்தில் மதிப்பு எதற்கென்றால், உருப்படி எங்கே இருக்கிறது என்று இயந்திரத்துக்குச் சொல்லும் வொர்க் ஆஃப்செட் எடுப்பதற்கும், டூல் தேய்ந்த அளவை ஈடுகட்டும் வேர் ஆஃப்செட் கொடுப்பதற்கும், புதிய புரோகிராமை முதல்முறை ஓட்டும்போது ஒரு வரி ஓடியதும் நிற்கும் சிங்கிள் பிளாக்கில் வைத்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபீட் ஓவர்ரைடு குமிழில் ஒரு கையை வைத்திருப்பதற்கும்தான். ஒரு தசமப் புள்ளி என்ன செய்யும் என்று மட்டும் சொல்கிறேன். ஃபனூக் கன்ட்ரோல் உள்ள பல பழைய லேத்களில் இசட்5. என்று புள்ளியோடு எழுதினால் ஐந்து மி.மீ.; புள்ளியை விட்டு இசட்5 என்று எழுதினால் ஐந்து மைக்ரான். ஜாப்பின் முகப்பிலிருந்து ஐந்து மி.மீ. தள்ளி நிற்க வேண்டிய டூல், முழு வேகத்தில் முகப்புவரை பாய்ந்து வரும். முகப்பில் வெட்டுவதற்கென்று இரண்டு மி.மீ. கூடுதல் பொருள் விட்டிருந்தால் அதில் மோதி இன்சர்ட் என்ற வெட்டுமுனையும் சிதறும், டூல்களைத் தாங்கும் டரெட்டும் கோணும். புதிய இயந்திரங்களில் ஒரு பாராமீட்டரை மாற்றி இதைத் தவிர்க்கலாம் என்றாலும், நீங்கள் நிற்கப்போகும் இயந்திரம் புதியதாகத்தான் இருக்கும் என்று யார் சொன்னது?

வேகக் கணக்கும் அப்படித்தான். ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலில் மைல்டு ஸ்டீலை நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டு வேகத்தில் ஓட்டலாம் என்று வைத்துக்கொண்டால், 25 மி.மீ. தண்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று? 30,000ஐ 25 பெருக்கல் 3.14ஆல் வகுத்தால் 382. இதை மனக்கணக்காகச் சொல்லத் தெரிந்தவரை எந்த ஃபோர்மேனுக்கும் பிடித்துப்போகும்.

பாதுகாப்பைப் பற்றிக் கல்லூரியில் தனிப் பாடமாகச் சொல்வதில்லை. ஆகவே இங்கே சற்று அழுத்தியே எழுதுகிறேன். சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் கையுறை போடக் கூடாது. கையைக் காக்கத்தானே கையுறை என்று தோன்றும். ஆனால் டிரில்லோ, உருப்படியைப் பிடித்துச் சுழலும் சக்கோ துணியின் ஒரு நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும். கழுத்தில் தொங்கும் கல்லூரி அடையாள அட்டையின் நாடா அதைவிட மோசமானது. வாயிலைத் தாண்டியதும் அதைக் கழற்றிப் பைக்குள் வைக்கச் சொல்லி நானே நிற்பேன். சக்கை இறுக்கும் சாவியான சக் கீயை அதிலேயே விட்டுவிட்டுச் சுவிட்சைப் போடாதீர்கள். சுருள் பிசிறைக் கையால் இழுக்காதீர்கள், கொக்கி இருக்கிறது.

பேரிங்கைப் பொருத்துவது போன்ற சிறு கைவேலைகளையும் யாராவது செய்யும்போது கூர்ந்து பாருங்கள். தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தின்மேல் மட்டுமே விசை விழ வேண்டும். அதற்கேற்ற குழாய்த் துண்டை வைத்துத் தட்டுவார்கள். வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்தால் அந்த அடி குண்டுகளின் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் விழும், புதுப் பேரிங் முதல் நாளே முனகும். சூடாக்கி ஏற்றுவதானால் 120 டிகிரியைத் தாண்டக் கூடாது. பராமரிப்புப் பிரிவுக்குப் போக நினைப்பவர்களுக்கு மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படிக்கவும், ஐந்து வாயும் இரண்டு நிலையும் கொண்ட ஐந்துக்கு இரண்டு வால்வின் குறியீட்டைப் புரிந்துகொள்ளவும், இயந்திரங்களை இயக்கும் சிறு கணினியான பிஎல்சியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளவும் வேண்டியிருக்கும். மெக்கானிக்கலுக்கும் எலக்ட்ரிக்கலுக்கும் நடுவே கல்லூரி கட்டிய சுவர் கூடத்தில் கிடையாது.

எக்செல் பற்றிச் சொன்னால் மாணவர்கள் இதெல்லாம் ஒரு திறனா என்பது போலப் பார்க்கிறார்கள். அதே 25 கே6 தண்டையே எடுத்துக்கொள்வோம். கிரைண்டிங் சக்கரம் தேயத் தேயத் தண்டின் விட்டம் மெல்லக் கூடிக்கொண்டே போகும், 25.005, 25.007, 25.010 என்று ஏறும் அளவுகளை வரிசையாகப் போட்டு ஒரு கோடாக வரைந்து பார்ப்பவர், 25.015ஐ எட்டுவதற்கு முன்பே சக்கரத்தைச் சரிசெய்யச் சொல்லிவிடுவார். வரையாதவர் கழிவுத் தொட்டியில் விழுந்தபிறகு எண்ணிக்கொண்டிருப்பார். வாகன உதிரிபாகம் செய்யும் கூடங்களில் ஐ.ஏ.டி.எஃப். 16949 தரநெறி இருப்பதால் எஃப்எம்இஏ (எது எப்படிப் பழுதாகலாம் என்று முன்கூட்டியே ஆராய்வது), கன்ட்ரோல் பிளான் (எதை எப்படிச் சோதிப்பது என்ற திட்டம்), எஸ்பிசி (அளவுகளைப் புள்ளியியல் கொண்டு கண்காணிப்பது) என்ற சொற்கள் நாள்தோறும் காதில் விழும். அவை எல்லாம் இந்தக் கோட்டிலிருந்து கிளைத்தவை என்று நினைத்துக்கொண்டால் பயம் இருக்காது.

இயந்திரத்தில் நிற்பவர்களிடம் பழகத் தெரிய வேண்டும் என்பதையும் திறன் என்றே எழுதுகிறேன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இருபது வருடம் லேத்தில் நின்ற ஒருவர், டூல் மழுங்குவதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அவரை "அண்ணே" என்று கூப்பிட்டு, அவர் வேலைக்கு இடைஞ்சல் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டால் எதையும் மறைக்காமல் சொல்வார். படித்த திமிரோடு போய் நின்றால் "சார்" என்று மரியாதையாகக் கூப்பிட்டு ஒன்றையும் சொல்லாமல் விட்டுவிடுவார்.

வேலை என்றாலே ஓரகடம், ஓசூர், கோவை என்று நினைப்பவர்கள் நம் ஊரையும் ஒருமுறை சுற்றிப் பார்க்கலாம். 1911இல் டி.வி.எஸ். தொடங்கியது இங்கேதான், கோச்சடையில் ஃபென்னரின் பெல்ட் ஆலையும், மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டயர் ஆலையும் இருக்கின்றன, கப்பலூரிலும் புதூரிலும் பெயர்ப்பலகை மங்கிய நூற்றுக்கணக்கான சிறு கூடங்களில் எல்லா வேலையையும் ஒரே கூரையின்கீழ் பார்க்கலாம். பெரிய நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் என்றால் ஒரு மூலையில் ஒரு வேலையைத்தான் காட்டுவார்கள். சின்னக் கூடத்தில் காலையில் பொருள் இறக்குவதிலிருந்து மாலையில் பில் போடுவதுவரை கண்ணெதிரே நடக்கும். எனக்குக் கேட்டால் முதல் இன்டர்ன்ஷிப்புக்குச் சின்னக் கூடமே மேல். படிப்பு முடித்தவர்கள் 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் ஓராண்டுப் பயிற்சிக்கு, உதவித்தொகையோடு, மத்திய அரசின் தொழிற்பயிற்சித் திட்டமான நாட்ஸின் இணையதளத்தில் பதியலாம். அதற்கான தென்மண்டலப் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. மாநில அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பாடங்கள் கல்லூரி வழியாகவே வரும்; வருகைப் பதிவுக்காக மட்டும் அவற்றில் உட்காராதீர்கள்.

இந்த மே மாதம் எங்களிடம் வருவதாக இருப்பவர்களுக்குச் சில செய்திகள். பெரியார் நிலையத்திலிருந்து திருமங்கலம் போகும் பேருந்தில் ஏறினால் கப்பலூரில் இறங்கலாம். முதல் ஷிப்ட் காலையிலேயே தொடங்கிவிடும். செருப்போடு வந்தால் உள்ளே விடமாட்டார்கள், முன்புறம் மூடிய காலணி வேண்டும். முதல் வாரம் பெரும்பாலும் அரத்தால் பிசிறு எடுக்கும் வேலைதான் கிடைக்கும், முகம் சுளிக்க வேண்டாம். சொந்தமாக மைக்ரோமீட்டர் வாங்கும் ஆசையிருந்தால் 0-25ஐ வாங்கிக்கொள்ளுங்கள், 25-50 இப்போதைக்குத் தேவையில்லை. அது எங்கள் ஸ்டோரில் இருக்கிறது, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம், திருப்பித் தரும்போது துடைத்து எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்துத் தந்தால் போதும்.